இரு டப்ளின்கள்: லிஃபி ஆற்றங்கரையும் கூலிம் பால்மரக்காடும்

கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைத் தொகுத்து நோக்குவார்க்கு ஐரோப்பாவே அங்குச் சிதறிக் கிடப்பது புலனாகும். விக்டோரியா, ஹென்ரியேட்டா, சோம், டப்ளின் என அவை நீளும். இவற்றுள் டப்ளின், அயர்லாந்தின் தலைநகர்ப் பெயர். அப்பெயரைத் தாங்கிய தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர் நம்மிடையே உளர். லிஃபி ஆற்றின் இருகரையிலும் அமைந்த அந்நகரைக் கண்டோர் மிகச் சிலரே.

நகர் காணச் செல்வோர்க்கு வழிகாட்டி நூல்கள் காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. ஆற்றங்கரையில் 1791இல் கட்டி முடிக்கப்பெற்று, 1921இல் விடுதலைப் போரில் எரியூட்டப்பட்டு, மீண்டும் எழுப்பப்பட்ட சுங்க மாளிகை. 1592இல் நிறுவப்பெற்ற டிரினிட்டி கல்லூரி. 1916 எழுச்சியின் நிலைக்களமான தலைமை அஞ்சலகம். கால்டுவெல் இளமையில் ஓவியம் பயின்றதும் இந்நகரில்தான் என்பது தமிழாசிரியர்க்குக் கூடுதல் உவகை தரும் செய்தி. எனினும், தோட்டப்புற வரலாற்றை அறிய விழைவோர் இவ்வரிசைக்கு அப்பாலும் இரண்டு இடங்களைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

முதலாவது, மேல் ஸ்டீபன் தெரு. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக வாழ்ந்த ஜான் பாய்ட் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதனை வணிக நோக்கில் உற்பத்தி செய்யும் நிறுவனம் 1889இல் டப்ளினில் தோன்றி, இத்தெருவில் தொழிற்சாலையை நடத்தியது. ரப்பர் நாற்றம் குறித்து எழுந்த முறையீடுகளை ஒட்டி, 1890களில் உற்பத்தி இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகருக்கு மாற்றப்பட்டது. ஒட்டுப்பால் வாடையில் தலைமுறைகளைக் கழித்த தோட்ட மக்கள் இச்செய்தியைக் கேட்டால் நகைக்காதிரார். டன்லப் நிறுவனமோ 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கலாயிற்று.

இரண்டாவது, கிளாஸ்னெவின் இடுகாடு. டப்ளினை அடுத்த சாண்டிகோவில் 1864இல் பிறந்த ரோஜர் கேஸ்மெண்ட் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். பிரிட்டிஷ் தூதரக அதிகாரியான அவர், காங்கோவில் காட்டு ரப்பர் திரட்ட மக்கள் வதைக்கப்பட்டதை 1904ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிப்படுத்தினார். தென்னமெரிக்காவின் புட்டுமாயோ பகுதியில் நிகழ்ந்த கொடுமைகளைப் பற்றிய அவருடைய அறிக்கை 1912இல் வெளியாயிற்று. அயர்லாந்து எழுச்சிக்கு ஜெர்மனியின் துணையை நாடியமைக்காக 1916இல் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். அவரது உடல் எச்சம் 1965இல்தான் டப்ளின் வந்து சேர்ந்தது.

இவ்விரு இடங்களுக்கும் இடைப்பட்ட காலமே நம் முன்னோர் கூலிம் காடுகளுக்கு வந்த காலம். 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் கெடா, சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷார் பிடிக்குள் வந்தது. 1914ஆம் ஆண்டளவில் தோட்ட ரப்பர், காட்டு ரப்பரை உற்பத்தியில் விஞ்சிவிட்டது. காங்கோக் கொடுமைகளோடு ஒப்பிட்டுத் தோட்ட முறையை நாகரிகமானதாகக் கருதுவது எளிது. அவ்வொப்பீடு மட்டும் போதாது என்பது என் கருத்து. 1910இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்த பின்னரும் கங்காணி முறை நீடித்தது. 1936இல் மலாயா வந்த சீனிவாச சாஸ்திரியார் அம்முறை ஆள்சேர்ப்பைக் கைவிடப் பரிந்துரைத்தார். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது.

கேஸ்மெண்ட் தாம் கண்ட தொழிலாளரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். கூலிமின் டப்ளினில் பெரட்டுக்கு நின்றோரின் வாய்மொழிகளை நம் மாணவர் பதிவு செய்ய வேண்டும். பால்வெட்டிய கடைசித் தலைமுறையினர் முதுமையில் இருக்கின்றனர். பல இடங்களில் பால்மரங்கள் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது.