மதுரைக்கு வந்தோர்: வழிகளும் தங்குமிடங்களும்

மதுரை வைகையாற்றின் கரையில் அமைந்த பாண்டியர் தலைநகரம். பின்னர் நாயக்கர் அரசின் தலைநகரமாகவும் இருந்தது. வணிகம், வழிபாடு, வழக்கு, வேலை எனப் பல காரணங்களுக்காக வெளியூர் மக்கள் இந்நகருக்கு வந்தவண்ணம் இருந்தனர். அவர்கள் எவ்வழியில் வந்தனர், எங்கே தங்கினர் என்பதன் வரலாறு, நகரம் எப்பக்கமாக வளர்ந்தது என்பதையும் யாரை எவ்வாறு வரவேற்றது என்பதையும் காட்டுகிறது.

கால்நடைப் பயணக் காலம்

மதுரைக்குச் செல்லும் வழிகளைப் பற்றிய பழைய இலக்கியச் செய்திகளுள் சிலப்பதிகாரம் தருவது முதன்மையானது. புகாரிலிருந்து புறப்பட்ட கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் உறையூர் வழியாக நடந்து வருகின்றனர். கொடும்பாளூரை அடுத்து வழி மூன்றாகப் பிரிகிறது என்று மாங்காட்டு மறையோன் அவர்களிடம் கூறுகிறான். வலப்புற வழி சிறுமலைப் பக்கமாகவும், இடப்புற வழி அழகர்மலைப் பக்கமாகவும் செல்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. பாண்டி நாட்டில் பகல் வெயில் கடுமையாக இருந்ததால் இரவில் நிலவொளியில் நடந்து, வைகையை மரப்புணையில் கடந்து, மதிலுக்கு வெளியே இருந்த புறஞ்சேரியை அடைகின்றனர்.

அங்கே இவர்களுக்குத் தங்குமிடம் கிடைத்த முறையும் குறிப்பிடத்தக்கது. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குலப் பெண் மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அறிமுகமில்லாத ஊரில் தங்குவதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததை மதுரைக்காஞ்சி கூறுகிறது. எந்நேரத்தில் வந்தாலும் விழித்திருக்கும் ஊர் என்ற பெயர் மதுரைக்கு இன்றும் உண்டு.

சாலைகளும் சத்திரங்களும்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் சாலைகளோடும் சத்திரங்களோடும் இணைந்தே நினைக்கப்படுகிறது. அவரது காலத்தில் நாயக்கர் அரசிருக்கை திருச்சிராப்பள்ளியில் இருந்தது. மதுரையையும் தென்பாண்டிச் சீமையையும் இணைத்த வழிகளில் நிழல் மரங்கள் நடப்பட்டன. தென்மாவட்டங்களில் சில பழைய பாதைகளை மக்கள் இன்றும் மங்கம்மாள் சாலை என்றே அழைக்கின்றனர்.

நடந்து செல்வோருக்குச் சாலை மட்டும் போதாது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், கோடையில் தண்ணீர்ப் பந்தல், இரவில் படுக்கச் சத்திரம் ஆகிய மூன்றும் தேவைப்பட்டன. இவற்றை அமைப்பது அறமாகக் கருதப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடும் வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. சத்திரங்களின் செலவுக்கு அரசர்களும் செல்வர்களும் நிலங்களை மானியமாக விட்டனர்.

சத்திரம் எவ்வாறு நடந்தது என்பதற்குத் தஞ்சை மராட்டியர் ஆவணங்கள் தெளிவான சான்று. இராமேசுவர யாத்திரை வழிகளில் இருந்த தம் சத்திரங்களைக் காப்பதற்காக இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேயருக்குக் கடிதம் எழுதினார். எல்லாச் சாதியாருக்கும் அங்கு உணவு தரப்பட்டது என்றும், சமைத்த சோற்றை உண்ணாதவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் வழங்கப்பட்டன என்றும், நோயுற்றோருக்கு மருத்துவர் இருந்தனர் என்றும் அதில் குறிப்பிட்டார்.

ஆயினும் எல்லாருக்கும் உணவு என்பது எல்லாருக்கும் ஒரே பந்தி என்று ஆகிவிடவில்லை. பல சத்திரங்களில் சமையலும் பந்தியும் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. காசு வாங்காத இடம், சாதியைக் கேட்டது.

கோட்டை இடிப்பும் ரயிலும்

மதுரை ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில், 1837-இல் தொடங்கி, கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அந்த நிலத்தில் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை தோன்றின. மதிலுக்குள் அடங்கியிருந்த ஊர் நான்கு பக்கமும் விரியத் தொடங்கியது.

1875-இல் தென்னிந்திய ரயில்வேயின் பாதை திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரையை அடைந்தது. அடுத்த ஆண்டில் தூத்துக்குடிவரை ரயில் ஓடியது. நிலையம் நகரின் மேற்கே அமைந்ததால் ஊரின் வாசல் அத்திசைக்கு மாறியது. நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இருந்தது. நடைப்பயணிகளுக்காகக் கட்டப்பட்ட சத்திரம் ரயில் பயணிகளுக்குப் பயன்பட்டது. நிலையத்துக்கும் மீனாட்சியம்மன் கோயிலுக்கும் இடையே உள்ள டவுன்ஹால் ரோடு முதலிய தெருக்களில் காலப்போக்கில் லாட்ஜுகள் பெருகின. 1902-இல் மண்டபம்வரை கிளைப்பாதை அமைந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் இராமேசுவரம் செல்வோர் மதுரை வழியாக ரயிலிலேயே தீவை அடைய முடிந்தது.

ரயில் சீட்டுக்குச் சாதி இல்லை. ஆனால் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. பெரியாரும் அவரது இயக்கத்தினரும் எதிர்த்துப் போராடியதையடுத்து 1941-இல் தென்னிந்திய ரயில்வேயில் இப்பிரிவினை நீக்கப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பு, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலில் ஆலய நுழைவு நடைபெற்றது.

ரயில் பெட்டி கருத்துப் பரிமாற்றத்துக்கும் இடமானது. 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் வழியில் காந்தி உடன் பயணித்தவர்களிடம் கதர் உடுத்துமாறு கூறினார். கதர் வாங்கும் வசதி தங்களுக்கு இல்லை என்றனர் அவர்கள். மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்த அவர், செப்டம்பர் 22 முதல் அரையாடைக்கு மாறினார்.

பேருந்துக் காலம்

1911-இல் தோன்றிய டி.வி.எஸ். நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துகளை இயக்கியது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கரிவாயுவில் வண்டிகள் ஓடின. 1972-இல் பேருந்துகள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. ரயில் எட்டாத சிற்றூர்களும் இதனால் மதுரையோடு இணைந்தன. காலையில் வந்து வேலையை முடித்து இரவுக்குள் ஊர் திரும்ப முடிந்ததால், பலருக்கு நகரில் தங்கும் தேவையே குறைந்தது.

நகருக்குள் நெரிசல் மிகுந்தபோது வெளியூர்ப் பேருந்துகள் புறநகருக்கு மாற்றப்பட்டன. முன்பு மாட்டுச் சந்தையைக் குறித்த மாட்டுத்தாவணி என்ற பெயர் இன்று பெரிய பேருந்து நிலையத்தைக் குறிக்கிறது. சென்னை, திருச்சி, திருநெல்வேலிப் பேருந்துகள் அங்கிருந்தும், தேனி, கோவைப் பேருந்துகள் ஆரப்பாளையத்திலிருந்தும் புறப்படுகின்றன. மாட்டுத்தாவணியைச் சுற்றியும் விடுதிகள் எழுந்தன. சென்னைக்கு 1977 முதல் வைகை எக்ஸ்பிரஸும், 2019 முதல் தேஜஸ் எக்ஸ்பிரஸும் புறப்பட்ட நாளிலேயே சென்று சேர்கின்றன. 2012-இல் விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குச் சேவை தொடங்கியது.

திருவிழாவில் தொடரும் பழைய முறை

சித்திரைத் திருவிழாவில் பழைய பயணமுறை இன்றும் காணக்கிடைக்கிறது. அழகர்மலையிலிருந்து வைகைக்கு வரும் கள்ளழகர் வழியெங்கும் மண்டபங்களில் தங்கியே வருகிறார். இதற்கு மண்டகப்படி என்று பெயர். முன்பு மாட்டுவண்டி கட்டி வந்த கிராமத்தார் இன்று பேருந்திலும் வேனிலும் வருகின்றனர். அவர்களில் பலர் விடுதிகளை நாடுவதில்லை. மண்டபங்களிலும் ஆற்றங்கரையிலும் இரவைக் கழிக்கின்றனர். தெருவெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழுகின்றன. நீர்மோரும் பானகமும் அன்னமும் வழங்கப்படுகின்றன.

வழி மாறியபோதெல்லாம் தங்குமிடமும் இடம் மாறியது. அடைக்கலம் சத்திரமானது, சத்திரம் விடுதியானது. சாதி கேட்ட கதவுகள் போராட்டங்களால் திறந்தன. விடுதிக் கதவுக்கு வாடகை வேண்டும். அதைக் கொடுக்க இயலாதவருக்கும் ஊரில் இடமுண்டு என்ற பழைய அறத்தை, ஆண்டில் சில நாட்களேனும் மதுரை கடைப்பிடித்து வருகிறது.