கேம் மாத்தியாச்சு, இன்ஜெக்டரும் மாத்தணுமா?

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் புல்லட் என்றால் கார்புரேட்டர்தான். ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்டவர்கள் அடுத்து மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டுவார்கள். ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் பத்தல; கரி படிந்திருந்தால் அதிகம். எங்க நெய்க்காரப்பட்டி மாதிரி ஊரிலும் செய்யக்கூடிய வேலை.

2009-ல் கிளாசிக் 500 இங்கே இன்ஜெக்‌ஷனோடு வந்தது. ஜெட்டின் வேலையை இப்போது நேரம் செய்யுது. இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்கணும்னு ஈ.சி.யூ. தன்னிடம் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சொல்லும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒருமுறை பெட்ரோல் தேவைப்படுவதற்குள் கிராங்க் இரண்டு தடவை சுத்தும். அந்த வண்டி உச்ச பவர் தரும் 5,250 ஆர்.பி.எம்.-ல் அதுக்கு ஏறக்குறைய 23 மில்லி செகண்ட். கேம் மாத்தி 6,500 வரை கொண்டுபோனால் 18.5தான். உள்ளே வரும் காற்று கூடுது, பெட்ரோல் ஊத்த நேரம் குறையுது.

அந்த நேரத்தில் 80–85 சதவீதத்துக்கு மேல் இன்ஜெக்டர் திறந்தே இருந்தால் பெரிசு வேணும். இதைத்தான் டியூட்டி சைக்கிள் என்பார்கள். அதுக்குக் கீழே இருந்தால் பழசே போதும், அட்டவணையை மட்டும் திருத்தணும்.

திருத்தாம விட்டா, ஃபுல் த்ராட்டிலில் பெட்ரோல் பத்தாம பிஸ்டனே உருகலாம். தேவையில்லாம பெரிசு போட்டா, ஐடிலிங்கில் கொஞ்சமா ஊத்தத் தெரியாம வண்டி திணறும். அதனால முதல்ல டியூட்டி சைக்கிளை அளந்து பாருங்க; இன்ஜெக்டர் வாங்குறதை அப்புறம் யோசிக்கலாம்.