மாசியும் கட்சுவோபுஷியும்: ஒரு விருந்துக்கு முன்பான வரலாற்றுக் குறிப்புகள்

(நீள்பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

தூத்துக்குடிக் கடற்கரையோரச் சிற்றூர் ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் சமையலராகப் பணியாற்றிய என் தாயார் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். பெங்களூரில் பணிபுரியும் தங்கையும் ஆய்வு மாணவனாகிய நானும் அவரை இந்நகருக்கு அழைத்துவந்து, நல்லதொரு ஜப்பானிய உணவகத்தில் விருந்தளிப்பதென முடிவு செய்தோம். தொலைபேசியில் சொன்னதும் அம்மா இரண்டு தடைகளை எழுப்பினார். முதலாவது, “ஏலே, வேகாத மீனுக்கா இவ்வளவு துட்டு?” இரண்டாவதைச் சற்றுத் தயங்கிக் கேட்டார்: “நம்மளப் பாத்தா அங்க ஒரு மாதிரி நெனைக்க மாட்டாவளா?”

முதற்கேள்விக்கு விடை எளிது. இரண்டாவது கேள்வி என்னைச் சில நாள்கள் நூல்களுக்குள் தள்ளியது. உயர்தர உணவு எனப்படுவது யாருடைய உணவு, அது எவ்வாறு உயர்ந்தது என்னும் வினா அதற்குள் இருக்கிறது. அத்தேடலில் கிடைத்தவற்றை இங்குத் தொகுக்கிறேன்.

முதலில் ஊரின் தொடர்பு. பெங்களூரில் ஜப்பானியரின் வருகை மகிழுந்துத் தொழிற்சாலையோடு தொடங்கவில்லை. 1893இல் ஜப்பான் சென்று திரும்பிய ஜாம்ஷெட்ஜி டாடா, மைசூர் அரசின் ஆதரவோடு பெங்களூரில் பட்டுப்பண்ணை ஒன்றை நிறுவி, ஜப்பானிய வல்லுநர்களை வரவழைத்தார். பண்ணை மறைந்துவிட்டது. ஆனால் தென்பெங்களூரின் ஒரு பகுதிக்கு ‘டாடா சில்க் ஃபார்ம்’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. நூறாண்டுக்குப் பின், 1997இல் டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் அமைந்தது. மைசூர் சாலையில் தட்டு இட்லிக்குப் பெயர்பெற்ற பிடதியில் அதன் ஆலை எழுந்தது. வல்லுநர்களும் அவர்தம் குடும்பங்களும் வந்து தங்கும் நகரில் அவர்களது உணவும் இடம்பெறுவது இயல்பு. அவ்வாறு வந்த உணவு, காலப்போக்கில் உள்ளூர்ச் செல்வர்களின் சிறப்புநாள் விருந்தாக உருமாறியது.

இனி, உயர்தரத்தின் அடையாளமாக இன்று கருதப்படும் சுஷியை நோக்குவோம். அதன் பழைய வடிவம், உப்பிட்ட மீனைச் சோற்றில் பொதிந்து மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பாதுகாக்கும் முறையாகும். புளித்த சோறு பொதுவாக நீக்கப்பட்டு, மீன் உண்ணப்பட்டது. பிவா ஏரிக்கரையில் இம்முறை இன்றும் உண்டு. புளிக்கும்வரை காத்திராது சோற்றில் காடி கலக்கும் வழக்கம் பின்னர் வந்தது. 1820களில் எடோ நகரில் ஹனயா யோஹெய் என்பவர், கையால் பிடித்த சோற்றின்மேல் மீன்துண்டை வைத்து உடனே உண்ணத் தரும் முறையைப் பரவச் செய்தார் என்பர். அன்று அது தெருவோரக் கடையில் நின்றபடி உண்ணும் விரைவுணவு. 1868இல் எடோ, தோக்கியோ எனப் பெயர் மாறியது. 1923இன் பெருநிலநடுக்கத்தில் அந்நகர் அழிந்தபோது, சுஷிச் சமையலர் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். எடோவின் தெருவுணவு நாடெங்கும் பரவ அதுவும் ஒரு காரணமாயிற்று. இன்று பெங்களூர் ரெசிடென்சி சாலையின் ஐந்து நட்சத்திர விடுதியொன்றில் உள்ள ஜப்பானிய உணவகத்தின் பெயர் ‘எடோ’. தெருவோரத்துக்குப் பேர்போன நகரின் பெயர், இங்கே உயர்தரத்தின் பெயர்ப்பலகை ஆகியிருக்கிறது.

விருந்து முறையைக் குறிக்கும் சொல்லிலும் இத்தகைய இரட்டைத்தன்மை காணப்படுகிறது. ‘கைசெகி’ என ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் இரண்டு. எழுத்தில் அவை வேறு. ஒன்று, மடியில் வைத்த கல் என்னும் பொருளுடையது. பசியடக்கத் துறவியர் சுடுகல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டனர் என்னும் வழக்கோடு அது இணைக்கப்படுகிறது. சென் நோ ரிக்யு (1522–1591) செம்மைப்படுத்திய தேநீர்ச் சடங்கின் எளிய உணவுக்கு இப்பெயர் அமைந்தது. மற்றொன்று, கூடியமரும் இருக்கை என்னும் பொருளுடையது. மதுவோடு கூடிய ஆடம்பர விருந்தைச் சுட்டுவது. வறுமையின் கல்லும் செல்வத்தின் இருக்கையும் ஒரே ஒலியில் வாழ்கின்றன. நமது ‘விருந்து’ம் முதலில் சோற்றைக் குறித்த சொல் அன்று. தொல்காப்பியச் செய்யுளியலில் அது புதுமை என்னும் பொருளில் வருகிறது. புதிதாய் வந்தவரைக் குறித்து, பின் அவருக்குப் படைக்கும் உணவைக் குறித்தது. இப்பொருளில், இதுவரை செல்லாத இடத்துக்கு முதன்முறையாகச் செல்லும் அம்மாவே விருந்து.

மொழியியல் பயின்றவன் ஜப்பானையும் தமிழையும் ஒருசேரப் பேசும்போது ஓனோ சுசுமு (1919–2008) அவர்களைத் தவிர்க்க இயலாது. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டென நூற்றுக்கணக்கான சொற்களை ஒப்பிட்டு அவர் வாதிட்டார். பொற்கோ, யாழ்ப்பாணத்து அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அப்பணியில் துணைநின்றனர். பொங்கலையும், ஜப்பானில் ஜனவரி நடுவில் வரும் சிறு புத்தாண்டின் கஞ்சிச் சடங்கையும் அவர் ஒப்பிட்டதைத் தமிழர் பலர் அறிவர். எனினும் ஒலிமாற்றங்களில் போதிய ஒழுங்கின்மை, தற்செயல் ஒற்றுமைக்கு இடமளிக்கும் பொருள்நெகிழ்வு ஆகியவற்றைச் சுட்டி, ஒப்பியல் மொழியியலார் பெரும்பாலோர் அக்கொள்கையை ஏற்கவில்லை. ஒற்றுமை வேறு, உறவு வேறு என்பதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

ஆவணச் சான்றுடைய உறவு வேறிடத்தில் இருக்கிறது. அது கடல்வழி வந்தது. போர்த்துக்கீசியர் 1510இல் கோவாவைக் கைப்பற்றினர். 1543இல் ஜப்பானின் தனெகஷிமா தீவை அடைந்தனர். 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்ற வந்த பிரான்சிஸ் சேவியர், 1549இல் ககோஷிமாவில் கரையிறங்கினார். தமிழில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. 1590இல் இயேசு சபையினர் ஜப்பானுக்கு அச்சுப்பொறி கொண்டுசென்றனர். அதே கப்பல்களில் சொற்களும் பயணித்தன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி ஆகியன தமிழுக்குக் கிடைத்தன. ரொட்டியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ‘பன்’; ஈழத்தமிழில் அது ‘பாண்’. இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லின் பிள்ளைகள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் ‘தெம்புரா’வின் பெயரும் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது என்பதே பெரும்பான்மைக் கருத்து. இறைச்சி விலக்கிய நோன்பு நாள்களின் பெயர் என்பார் சிலர்; சுவையூட்டலைக் குறிக்கும் சொல் என்பார் சிலர். ஜப்பானின் தனிச்சிறப்பெனப் பட்டியலில் விளங்கும் பண்டம், நம் கடற்கரையைத் தொட்டுச்சென்ற மக்களின் சொல்லைச் சுமந்து நிற்கிறது.

இறுதியாக, என் தாயாரின் அடுக்களைக்கு வருகிறேன். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் ‘தஷி’ எனும் தெளிசாறு. கொம்பு என்னும் கடற்பாசியும் ‘கட்சுவோபுஷி’யும் அதன் முதன்மைப் பொருள்கள். 1908இல் இகேதா கிகுனயே ‘உமாமி’ச் சுவையை இனங்கண்டது இக்கடற்பாசிச் சாற்றிலிருந்தே. கட்சுவோபுஷி என்பது யாது? சூரை இனத்து மீனை வேகவைத்து, புகையூட்டி, மரக்கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தி, சீவிப் பயன்படுத்துவது. தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் ஈழத்திலும் பிறந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அது மாசி. மாலத்தீவிலிருந்து நம் கரைக்கு வந்த மாசிக்கருவாடு. 1343–44இல் மாலத்தீவில் தங்கிய இப்னு பதூதா, அம்மீனைச் சிறிது வேகவைத்துப் புகையூட்டி உலர்த்துவதையும், இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதி செய்வதையும் எழுதிவைத்தார். ஜப்பானியப் புகையூட்டு முறை பதினேழாம் நூற்றாண்டில் செம்மையுற்றது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென ஊகிப்போர் உளர். ஓனோவிடம் கற்ற பாடத்தை இங்கும் மறக்கலாகாது. ஒரே மீனும் ஒரே தேவையும் ஒரே நுட்பத்தைத் தனித்தனியே தோற்றுவிக்கக் கூடும். ஆனால் சுவையை அறிந்துகொள்ள நாவுக்கு வரலாற்றுச் சான்று தேவையில்லை.

இவற்றையெல்லாம் வைத்தே விருந்தைத் திட்டமிட்டோம். ‘ஒமகசே’ என்பது ஒப்படைத்தல் எனப் பொருள்படும் வினையடியிற் பிறந்த சொல். எதை உண்பது என்பதைச் சமையலரிடமே ஒப்படைத்துவிடுதல். அம்மாவின் கூடத்திலும் உண்போர் தேர்ந்தெடுத்ததில்லை, சமைத்தவரும் தேர்ந்தெடுத்ததில்லை. பட்டியலை அரசாணை தீர்மானித்தது. ஆகவே இம்முறை அவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஒமகசேயைக் கைவிட்டோம். உணவகத்தை அழைத்து, தரையில் அமரும் இடமன்றி நாற்காலி இருக்குமா, சமையலரின் கைவேலை தெரியும் வரிசையில் இடம் கிடைக்குமா, வெந்த மீனும் ஆவியில் அவித்த முட்டைக் கிண்ணமும் உண்டா எனக் கேட்டு உறுதிசெய்தேன். முதலில் தெளிசாறு வேண்டும் என்றும் சொன்னேன்.

பின்னர் அம்மாவிடம் கட்சுவோபுஷியை விளக்கினேன். தெருக்கடைச் சுஷியையும் மடியில் வைத்த கல்லையும் சொன்னேன். அவற்றை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மாசி என்றதும் மட்டும் இடைமறித்தார்.

“அப்ப அவியளும் மாசிதான் போடுதாவளா?”

“ஆமாம்மா.”

“எவ்வளவு நேரம் கொதிக்க விடுதாவன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. தாமே கேட்டுக்கொள்வதாகக் கூறி, வருவதற்கு இசைந்தார்.

முத்துக்குளித்துறை, இராமேசுவரம், ஈழக் கரையோரங்களில் மாசியின் வகைகளுக்கும் அதைச் சீவும் கருவிகளுக்கும் வழங்கும் சொற்களை அறிந்தோர் பின்னூட்டத்தில் ஊர்ப்பெயரோடு பதிவுசெய்ய வேண்டுகிறேன். அகராதிகள் இதில் போதிய உதவி செய்யவில்லை.