ஆர்னெம் தோல்வியும் தளபதி சொசபோவ்ஸ்கியும்

ஒரு போர்த்திட்டம் பிழைத்துப்போகுமெனில் அப்பிழை எவர் கணக்கில் எழுதப்படும்? போலந்துத் தளபதி ஸ்தனிஸ்லாவ் சொசபோவ்ஸ்கியின் வாழ்க்கை இவ்வினாவுக்குக் கசப்பான விடையொன்றைத் தருகிறது.

1892-இல், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசிலும் இன்று உக்ரைனிலும் அமைந்த ஸ்தனிஸ்லாவூவ் நகரில் அவர் பிறந்தார். முதல் உலகப்போரில் அப்பேரரசின் படையில் பணியாற்றி, பின்னர் விடுதலை பெற்ற போலந்தின் படையில் சேர்ந்தார். 1939-இல் வார்சா முற்றுகையின்போது 21-ஆம் காலாட்படை ரெஜிமென்ட்டுக்குத் தலைமையேற்றார். நாடு வீழ்ந்தபின் பிரான்சு வழியாகப் பிரிட்டனை அடைந்து, 1941-இல் ஸ்காட்லாந்தில் போலந்தின் முதல் தனி வான்குடைப் படையணியை உருவாக்கினார். தாயகத்தில் கிளர்ச்சி எழும் நாளில் அங்கே குதித்து உதவுவதே அப்படையணியின் நோக்கம்.

அந்நாள் 1944 ஆகஸ்ட் 1 அன்று வந்தது. வார்சா கிளர்ந்தெழுந்தது. ஆனால் அதற்குள் படையணி பிரிட்டிஷ் தலைமையின் ஆணைக்குட்பட்டுவிட்டது. வார்சாவுக்கு அது அனுப்பப்படவில்லை. அக்கிளர்ச்சியில் போராடிய தளபதியின் மகன் பார்வையை இழந்தார். தந்தையோ நெதர்லாந்து செல்லப் பணிக்கப்பட்டார்.

ரைன் பாலங்களைக் கைப்பற்றும் 'மார்க்கெட் கார்டன்' நடவடிக்கை செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. ஜெர்மானியரின் வலிமையைத் திட்டம் குறைத்து மதிப்பிடுகிறது என்று சொசபோவ்ஸ்கி முன்னரே வெளிப்படையாக வாதிட்டிருந்தார். போலந்தியர் 19-ஆம் நாள் இறங்கியிருக்க வேண்டும். வானிலையால் தாமதமாகி, 21-ஆம் நாள் மாலையில் ஆற்றின் தென்கரையிலுள்ள டிரீல் சிற்றூர் அருகே குதித்தனர். ஒரு பகுதியினரின் விமானங்கள் இடைவழியிலேயே திரும்பிவிட்டன. ஆற்றைக் கடக்க அவர்கள் நம்பியிருந்த படகுத்துறை பயன்படவில்லை. சிறு இரப்பர்ப் படகுகளில், கடும் சூட்டினிடையே, இரண்டு இரவுகளில் ஏறத்தாழ இருநூறு பேரே மறுகரை சேர்ந்தனர்.

24-ஆம் நாள் வால்பர்க்கில் தளபதிகள் ஹொராக்ஸ், தாமஸ் ஆகியோர் முன்னிலையில் நடந்த கூட்டத்தில், சிறு படையை அனுப்புவது வீண், பெரும்படையை வேறிடத்தில் கடக்கச் செய்யுங்கள் என்று அவர் வாதிட்டார். அது ஏற்கப்படவில்லை. அன்றிரவு கடந்த பிரிட்டிஷ் வீரர்களுள் பெரும்பாலோர் சிறைப்பட்டனர். மறுநாள் இரவே பின்வாங்கல் தொடங்கியது.

அதன்பின் கடிதங்கள் எழுதப்பட்டன. அக்டோபரில் மாண்ட்கோமரி, போலந்தியர் மிக மோசமாகப் போரிட்டனர் என்று மேலிடத்துக்கு எழுதினார். நவம்பரில் பிரௌனிங், சொசபோவ்ஸ்கி ஒத்துழைக்கவில்லை என்று குற்றஞ்சாட்டி அவரை நீக்கக் கோரினார். டிசம்பரில் அவர் பொறுப்பிழந்தார்.

இங்கே காலவரிசையை மட்டும் நோக்குவோம். ஆர்னெம் பாலத்தைப் பற்றி நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவின் எதிர்ப்பு 21-ஆம் நாள் காலையிலேயே ஓய்ந்துவிட்டது. போலந்தியர் மண்ணில் கால்வைத்ததோ அன்று மாலை. பாலத்திலிருந்து தொலைவில் தெரிவுசெய்யப்பட்ட இறங்குதளங்கள், செயலிழந்த வானொலிக் கருவிகள், அருகே தங்கியிருந்த இரு எஸ்.எஸ். கவசப் பிரிவுகள் ஆகிய காரணங்கள் யாவும் அவர்கள் வருமுன்னரே செயல்பட்டு முடிந்தவை. சொசபோவ்ஸ்கி இணக்கமற்ற, கடுஞ்சொல் மனிதர் என்பது மெய்யே. ஆனால் குணம் ஒருவரைப் பதவி நீக்கக் காரணமாகலாம். நடந்துமுடிந்த தோல்விக்குக் காரணமாக இயலாது.

போருக்குப்பின் கம்யூனிச ஆட்சிக்குட்பட்ட தாயகத்துக்கு அவர் திரும்பவில்லை. லண்டனின் ஆக்டன் பகுதியில் தொழிற்சாலையொன்றில் உழைத்தார். உடன் பணிபுரிந்தோருக்கு அவர் வெறும் 'ஸ்டான்'. 1967-இல் மறைந்தார். 1969-இல் அவருடல் வார்சாவில் அடக்கப்பட்டது. 2006-இல் நெதர்லாந்து அரசி பெயாட்ரிக்ஸ் படையணிக்கு வில்லெம் இராணுவ விருதையும் தளபதிக்கு வெண்கலச் சிங்க விருதையும் வழங்கினார். அறுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஆவணக்காப்பகத்தில் அமரும் ஆய்வு மாணவர்க்கு இதிலொரு பாடமுண்டு. உயரதிகாரியின் கடிதம் முதன்மைச் சான்றுதான். எனினும் அதை எழுதியவர், அந்நிகழ்வில் தம் பெயரையும் காக்க வேண்டியிருந்தவரா என்பதை முதலில் கேளுங்கள். அதன் பிறகே கடிதத்தின் உள்ளடக்கத்தை மதிப்பிடுங்கள்.