கொழும்பின் வடகோடி

கொழும்பைக் காண வருவோர் காலிமுகத் திடலையும் நூதனசாலையையும் கறுவாத்தோட்டத்து நிழற்சாலைகளையும் கண்டு மீள்வர். நம்மவரோ வெள்ளவத்தையில் இறங்கி, காலி வீதிப் புடைவைக் கடைகளில் ஏறியிறங்கி, உறவினர் வீட்டில் உண்டுறங்கி ஊர் திரும்புவர். துறைமுகத்துக்குக் கிழக்கே, புறக்கோட்டைக்கு வடக்கே ஒதுங்கிக் கிடக்கும் கொட்டாஞ்சேனைக்கு அலுவலின்றிச் செல்வார் அரியர். நாமும் பல்லாண்டு அவ்வாறே இருந்தோம். விடைத்தாள் திருத்தும் பணிக்கெனத் தலைநகரிற் சில நாள் தங்க நேர்ந்தபோதுதான், மாலைப் பொழுதுகளை அத்தெருக்களில் நடந்து கழித்தோம்.

பெயரே நமக்கு முதற்பாடமாயிற்று. சேனை என்பது காடழித்துப் பயிரிடும் நிலம். கிழக்கிலங்கை உழவர் நாவில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது. சிங்களவர் அதனையே ‘ஹேன’ என்பர். கலப்பை காணாத ஒரு நகரத் தெருவின் பெயரில் இரு மொழி உழவரும் கைகோத்து நிற்கின்றனர். அருகேயுள்ள வுல்பெண்டால் என்ற பெயரின் கதை இன்னும் சுவையானது. போர்த்துக்கேயர் அங்கே குவாதலூப்பே மாதாவுக்கு ஆலயம் எடுத்திருந்தனர் என்றும், பின்வந்த ஒல்லாந்தர் அப்பெயரின் ஈற்றில் ஓநாயைக் கண்டு ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என மொழிபெயர்த்துவிட்டனர் என்றும் கூறுவர். ஈழத்துக் காடுகளில் நரியுண்டு, ஓநாய் இல்லை. ஆயினும், 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த தம் பெருந்தேவாலயத்துக்கு அவர்கள் அந்தப் பெயரையே சூட்டினர்.

இவையெல்லாம் ஏட்டறிஞருக்கு இன்பந்தரும் செய்திகள். நம்மை நிற்கவைத்தது வேறொன்று. புனித லூசியா பேராலயத்தின் குவிமாடத்தையும் தீபதுத்தாராமய விகாரையையும் சில நிமிட நடையிற் கண்டுவிடலாம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வீதிகளில் 1883ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இரத்தம் சிந்தியது.

அந்த விகாரையின் தலைவர் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். 1873இல் பாணந்துறையிற் கிறித்தவ போதகரோடு நிகழ்த்திய வாதத்தால் நாடெங்கும் பெயர்பெற்றவர். அவ்வாதத்தைப் படித்தறிந்த அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1880இல் இலங்கைக்கு வந்து பௌத்த மறுமலர்ச்சியிற் பங்கு கொண்டார். விகாரை விழாவுக்குக் காணிக்கைகளோடு வந்த ஊர்வலம் தம் சமயச் சின்னங்களை இழிவுசெய்யும் உருவங்களைச் சுமந்து வருகின்றதென ஒரு வதந்தி கத்தோலிக்கரிடையே பரவிற்று. தேவாலய மணிகள் ஒலித்தன. தடியும் கல்லும் ஏந்திய கூட்டம் ஊர்வலத்தின்மீது பாய்ந்தது. பௌத்தர் ஒருவர் இறந்தார். இருபாலாரிலும் பலர் காயமுற்றனர். ஆணைக்குழு அமர்ந்தது, எனினும், குற்றவாளியென ஒருவரும் தண்டனை பெற்றிலர். அன்று தடியெடுத்தோரும் அடிபட்டோரும் பெரும்பாலும் ஒரே மொழி பேசியவர்கள், ஒரே கடற்கரைக் காற்றைச் சுவாசித்தவர்கள் என்பதை எண்ணுகையில், இனம் வேறாயிருந்தால்தான் கலகம் மூளும் என்று நாம் வகுப்பறையிற் சொல்லிவரும் எளிய விளக்கம் சற்றே தடுமாறுகின்றது.

நீதி கிடையாத பௌத்தர் சார்பில் ஒல்கொட் 1884இல் இலண்டன் சென்றார். மறுவருடம் வெசாக் தினம் பொதுவிடுமுறையாயிற்று. 1885ஆம் ஆண்டு ஏப்பிரில் 28ஆம் நாள், அந்த வெசாக்கன்று, புதிதாய் வகுக்கப்பட்ட பௌத்தக் கொடியைக் குணானந்த தேரர் தம் விகாரையில் ஏற்றினார். இன்று உலகெங்கும் பறக்கும் அக்கொடி முதன்முதற் காற்றிலாடியது இந்தக் கொட்டாஞ்சேனையிலேதான்.

இப்பகுதி முன்னர் வறியோர் சேரியாய் இருந்ததில்லை. முகத்துவாரம் வரைக்கும் ஆங்கிலத் துரைமாரின் மாளிகைகள் கடல் நோக்கி நின்றன. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டினர். பத்தாண்டில் அது முடிய, காலித் துறைமுகத்தின் வாழ்வு இங்கே பெயர்ந்தது. கப்பல்களோடு நிலக்கரியும் புகையும் வந்தன. கரி சுமக்கவும் சரக்கேற்றவும் தமிழகத்திலிருந்தும் மலையாளத்திலிருந்தும் சிங்களக் கிராமங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். செல்வர் மூக்கைப் பொத்திக்கொண்டு தெற்கே கறுவாத்தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் வரிசை வரிசையாய் அறைகள் எழுந்தன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், ஒரு தண்ணீர்க் குழாய்க்கு ஒரு தெரு. அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர் ‘தோட்டம்’. கறுவா விளையாத கறுவாத்தோட்டத்திலே சீமான்களும், பூ மலராத தோட்டங்களிலே தொழிலாளரும்! நகரின் வர்க்கப் படத்தை வரைய இவ்விரு பெயருமே போதும்.

அந்தத் தொழிலாளர் 1927இல் துறைமுகத்தை நிறுத்திக் காட்டினர். ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் ஏறத்தாழ 13,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல்கள் காத்துக் கிடந்தன. மொழியும் மதமும் அந்நாளில் அவர்களைப் பிரித்தில. ஆனால் உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை சுருங்கியபோது, அதே தலைவர் மலையாளத் தொழிலாளரை எதிரிகளாய்ச் சுட்டினார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தவேளை, அவர்களுட் பெரும்பாலோர் மலையாளிகள். அவர்கள் பக்கம் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர், குணசிங்க எதிர்ப்பக்கத்தில். அந்த ஆலை நின்ற நிலத்தில் இன்று மாடிக் குடியிருப்புகள் வானளாவி நிற்கின்றன. அங்கே வீடு வாங்கும் நம்மவர்க்கு அந்நிலத்தின் கதையை யார் சொல்லப்போகின்றார்!

இறுதி மாலை கொச்சிக்கடைக்குச் சென்றோம். பொன்னம்பல முதலியார் எடுத்து, அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயிலைத் தொழுதபின், அந்தோனியார் திருத்தலத்தை அடைந்தோம். 2019 ஏப்பிரில் 21ஆம் நாள், மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்து வழிபட வந்தோர் மாண்டது இங்கேதான். 1883இலிருந்து 136 ஆண்டுகள்.

அன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்குரிய நாளாதலின் வரிசை வீதிவரை நீண்டிருந்தது. வாயிற் காவலர் நம் பையைத் திறந்து பார்த்தார். ஒரு குடையும் ஒரு பொதி வடையும் இருந்தன. நமக்கு முன்னே நெற்றியில் திருநீறணிந்த மூதாட்டி ஒருவர், மெழுகுதிரி விற்கும் சிங்களப் பெண்ணிடம் விலை கூடிற்றெனத் தமிழிற் கடிந்துகொண்டிருந்தார். அவளும் தமிழிலேயே, “என்னம்மா செய்ய, எல்லாச் சாமானும் விலை” என்று சொல்லிக்கொண்டு, ஒரு திரியைக் கூடவே வைத்துக் கொடுத்தாள்.