கண் அழுத்த அறுவையில் தையல் முறைகள்

கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்கான வடிகால் அறுவை, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறப் புதிய வழி திறந்து, பார்வை நரம்பைச் சிதைக்கும் அழுத்தத்தைத் தணிக்கிறது. வழி திறப்பதைவிட, அதில் எவ்வளவு நீர் போகலாம் என வரையறுப்பதே கடினம்; தையல் முறைகள் வளர்ந்ததற்கு இதுவே காரணம்.

சென்னை அரசு கண் மருத்துவமனையின் ராபர்ட் ஹென்றி எலியட் 1909இல் தொடங்கிய முறையில், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில் வட்டத் துளை இடப்பட்டது. உலகெங்கும் பரவிய அம்முறையில் மெல்லிய மேற்சவ்வைத் தவிரத் துளைக்கு வேறு மூடி இல்லாததால், நீர் மிகுதியாக வடிந்து கண் தளர்வதும், கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறை வற்றுவதும், நாள்பட்டுக் கிருமி தொற்றுவதும் உண்டு.

1968இல் கேம்பிரிட்ஜின் ஜான் கெய்ர்ன்ஸ் வெளியிட்ட டிரபெக்குலெக்டமி இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. வெள்விழிச் சுவரைப் பாதித் தடிமனுக்குச் சீவி மடலாகத் தூக்கி, அடியில் திசுவைச் சிறிது வெட்டியெடுத்து, மடலை மீண்டும் தைத்து மூடுவது அம்முறை. கண்ணின் இயற்கை வடிகாலுக்குள்ளேயே நீர் பாயும் என்று கெய்ர்ன்ஸ் கருதியிருந்தார். ஆனால் பெரும்பாலும் மடலின் ஓரமாகக் கசிந்த நீரே அழுத்தத்தைக் குறைத்தது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே மடலின் தையல் மதகாயிற்று. இறுக்கினால் அழுத்தம் தணியாது, தளர்த்தினால் பழைய தொல்லையே திரும்பும்; புண் ஆறுகையில் தழும்பு படர்வதால், அறுவையன்று பொருத்தமாயிருந்த இறுக்கம் சில வாரங்களில் மிகையாகிவிடும்.

முதலில் இறுக்கித் தைத்து, பின்னர் வேண்டியபோது தளர்த்துவது என்ற தீர்வு 1980களில் வலுப்பெற்றது. மேற்சவ்வைத் திறக்காமலே அடியிலுள்ள நைலான் இழையை லேசரால் அறுக்கும் முறையை லீபர்மேன் 1983இல் விவரித்தார். இழையைத் தெளிவாகக் காண மேற்சவ்வை அழுத்திப் பிடிக்கும் சிறு வில்லையை ஹாஸ்கின்ஸ் உருவாக்கினார். இரத்தக் கசிவு இழையை மறைத்தால் லேசர் பயன்படாது. கோஹனும் ஓஷரும் 1988இல் விவரித்த உருவும் தையலில் இழையின் முனை கருவிழியோரம் விடப்படுவதால், அதை இடுக்கியால் பற்றி இழுத்தாலே போதும். லேசர் இல்லாத மருத்துவமனைகளுக்கு இதுவே ஏற்றது. இவ்விரண்டிலும் தையல் ஒரேயடியாக விடுபட்டு அழுத்தம் திடீரெனச் சரியக்கூடும் என்பதால், முடிச்சை மேற்சவ்வின் மீதிருந்தே சிறிது சிறிதாகத் தளர்த்தும் முறையை லண்டனின் பெங் காவ் குழுவினர் வகுத்தனர். தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்து பரவியபின், மிகை வடிதலுக்கு அஞ்சி மடலை இறுக்கித் தைப்பது மேலும் இன்றியமையாததாயிற்று.

வடிகுழாய் பொருத்தும் அறுவையிலும் இதே சிக்கல் உண்டு. மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் குழாயில் அடைப்பிதழ் இல்லாததால், தானே கரையும் விக்ரில் இழையால் அது கட்டப்படுகிறது. ஏறத்தாழ ஐந்தாறு வாரங்களில், குழாயின் முனையிலுள்ள தட்டைச் சுற்றித் திசு உறை வளர்ந்தபின், கட்டு தளர்ந்து நீர் வடியத் தொடங்குகிறது.