நீரில் வீழ்ந்த பறவை

அரபுக் கல்லூரிகளில் ‘கிதாபுஸ் ஸைத்’ எனும் வேட்டை இயல் இன்றும் பாடமாக இருந்து வருகிறது. ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்தோர் ‘ஹிதாயா’விலும் ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தோர் ‘மின்ஹாஜ்’ விரிவுரைகளிலும் இதனைப் பயில்கின்றனர். அம்பு பட்டு நீரில் வீழ்ந்த பறவை பற்றிய பகுதியை ஒருமுறை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்தார். “ஹஜ்ரத், காட்டு வாத்தைச் சுட்டாலே சிறை என்றிருக்கும் நாட்டில் இந்தப் பாடம் நமக்கு எதற்கு?” என்று கேட்டார். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்த எவருக்கும் எழக்கூடிய ஐயமே அது. அதற்கு விடை தேட, இச்சட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

வேடர் குலத்தின் வினா

வள்ளன்மைக்குப் பெயர்பெற்ற ஹாத்திம் தாயீயின் மகனார் அதீ பின் ஹாத்திம் (ரலி) ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு மதீனா வந்து இஸ்லாத்தை ஏற்றார்கள். வேட்டை அவர்களுடைய தய்யி குலத்தாரின் அன்றாட வாழ்வோடு கலந்தது. எனவே அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டவையும் வேட்டைக் களத்தில் நேரும் நிகழ்வுகளாகவே இருந்தன. பழக்கிய நாயுடன் வேறொரு நாயும் சேர்ந்துகொண்டால் என்ன செய்வது? அம்பு கூர்முனையால் தைக்காமல் பக்கவாட்டில் மோதிக் கொன்றால்? அம்பு பட்ட விலங்கு மறைந்து ஓரிரு நாட்களுக்குப் பின் கிடைத்தால்?

எய்த அம்பின் அடையாளம் தவிர வேறெதுவும் காணப்படாவிட்டால், பிந்திக் கிடைத்ததையும் உண்ணலாம் என்று விடை கிடைத்தது. நீரில் வீழ்ந்து இறந்து கிடந்தால் உண்ணக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதைக் கொன்றது நீரா, அம்பா என்பதை நீர் அறியமாட்டீர் என்று காரணமும் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இக்காரணம் தெளிவாகப் பதிவாகியுள்ளது. மூச்சுத் திணறியும் அடிபட்டும் உயரத்திலிருந்து வீழ்ந்தும் இறந்தவற்றை அல்மாயிதா அத்தியாயத்தின் 3ஆம் வசனம் விலக்கியிருக்கிறது. ஆகுமான ஒரு காரணமும் ஆகாத ஒரு காரணமும் ஓர் உயிரில் சந்தித்து, எது முந்தியது என அறிய முடியாதபோது, ஆகாததையே முற்படுத்த வேண்டும் எனும் விதி இதிலிருந்து கிளைத்தது.

ஆற்றங்கரைகளில்

பாலைவனத்தில் பிறந்த இவ்வினா, முஸ்லிம்களின் ஆட்சி பெரும் நதிகளின் கரைகளை எட்டியபோது மேலும் முக்கியத்துவம் பெற்றது. தென் இராக்கின் சதுப்பு நிலங்களும் நைல் நதியின் கழிமுகமும் நீர்ப்பறவைகள் நிறைந்த பகுதிகள். வல்லூறு பழக்கும் கலை அரசவைக் கலையாயிற்று. ஃபாத்திமீ கலீஃபா அல்அஸீஸின் (ஆட்சி 975-996) வல்லூறுக் காப்பாளர் அதைப் பற்றித் தனி நூலே இயற்றினார்.

இவ்வேட்டையை நேரில் கண்டு எழுதியவர்களுள் உஸாமா பின் முன்கித் (1095-1188) சிறந்தவர். சிரியாவில் ஆஸி நதிக்கரையில் அமைந்த ஷைஸர் கோட்டையில் பிறந்தவர் அவர். ‘கிதாபுல் இஃதிபார்’ எனும் தம் நினைவுக் குறிப்புகளில், ஊருக்கு மேற்கே ஆற்றோர நாணற்காடுகளில் தம் தந்தை நீர்ப்பறவைகளை வேட்டையாடியதை விவரிக்கிறார். தந்தையார் பகலில் வேட்டையாடுவார். இரவில் தம் கையால் குர்ஆனைப் பிரதியெடுப்பார். அதாபக் ஸங்கீயுடன் வேட்டைக்குச் சென்றதையும் உஸாமா குறிப்பிடுகிறார். முரசொலி கேட்டு நீர்ப்பறவைகள் மேலெழும்போது வல்லூறுகளை ஏவுவார்களாம்.

இத்தகைய களத்தில் பறவையை வீழ்த்துவதோடு வேலை முடிவதில்லை. வீழ்ந்ததை நாணலுக்கும் சேற்றுக்கும் இடையே தேடி எடுக்க வேண்டும். காயமுற்ற வாத்து நீருக்குள் மூழ்கி மறைவதுண்டு. நீரடிச் செடிகளைப் பற்றியபடி அங்கேயே மடிவதும் உண்டு. உயிருடன் கைக்கு வந்தால் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். தாமதித்தால் அதீ (ரலி) அவர்களின் கேள்வி வேடன்முன் வந்து நிற்கும்.

இமாம்களின் நுண்ணாய்வு

நீரிலேயே வாழும் வாத்தை நீர் கொன்றது என்று கொள்வது பொருந்துமா? ஃபுகஹாக்கள் இதனை உற்று நோக்கினர். நீர்ப்பரப்பில் மிதக்கும் நீர்ப்பறவையை எய்து அது அங்கேயே இறந்தால் ஆகுமானது. ஏனைய பறவைகளுக்குத் தரை எப்படியோ, அதற்கு நீர் அப்படியே என்று இமாம் நவவீ (ரஹ்) ‘ரவ்ளா’வில் எழுதுகிறார்கள். நீருக்கு வெளியே அடிபட்டுப் பின் நீரில் வீழ்ந்தால் மத்ஹபில் இரு கருத்துகள் உள்ளன என்றும் குறிப்பிடுகிறார்கள்.

‘ஹிதாயா’வின் ஆசிரியர் மர்ஃகீனானீ (மறைவு ஹிஜ்ரி 593 / கி.பி. 1197) வேறோர் அளவுகோலைத் தருகிறார்கள். நீர்ப்பறவையின் காயம் நீருள் அமிழாதிருந்தால் உண்ணலாம்; அமிழ்ந்திருந்தால் கூடாது. ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரி 620 / கி.பி. 1223) பறவையின் தலை நீருக்கு வெளியே இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறார்கள். அம்பு கழுத்தையே அறுத்துவிட்ட பின் நீரில் வீழ்ந்தால், அதற்கு முன்பே மரணம் உறுதியாகிவிட்டதால் ஆகுமானது என்பது பெரும்பாலோர் முடிவு. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் பிரபலமான அறிவிப்பு அப்போதும் தடுக்கிறது.

முடிவுகள் வேறுபட்டாலும் அனைவரும் தேடியது ஒன்றையே: கண்ணுக்குத் தெரியாத அந்தச் சில கணங்களில் நடந்ததற்கு ஒரு சான்று. நாயை ஏவிப் பிடித்த வேட்டையிலும் இதே கவனம் உண்டு. நாயின் பல் பட்ட இடம் அசுத்தமானது. அதை வெட்டியெறிய வேண்டியதில்லை, மண் கலந்த நீரால் முறைப்படி கழுவினால் போதும் என்கிறது ‘மின்ஹாஜ்’.

உண்டைவில்லும் துப்பாக்கியும்

அப்பாஸீ கலீஃபா அந்நாஸிர் (ஆட்சி 1180-1225) களிமண் உருண்டைகளை எய்யும் உண்டைவில்லில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். வாத்தினப் பெரும்பறவைகள், நாரைகள் உள்ளிட்ட 14 பறவைகளை வீழ்த்துவது அக்கலையில் சிறப்பாகக் கருதப்பட்டது. கலீஃபாவின் கவனமெல்லாம் இதிலேயே கழிந்தது என்று வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் குறைகூறுகிறார். உருண்டை தைப்பதில்லை, மோதிக் கொல்கிறது. ஆதலால் அதனால் செத்தது அடிபட்டுச் செத்ததேயாகும் என்று ஃபுகஹாக்கள் தீர்ப்பளித்தனர். கலீஃபாவின் விருப்பத்திற்காக இத்தீர்ப்பு மாறவில்லை. உயிருடன் எடுத்து அறுத்தால் மட்டுமே அப்பறவை உணவாகும்.

துப்பாக்கி வந்தபின் அறிஞர்கள் கருத்து வேறுபட்டனர். மாலிகீ அறிஞர் தர்தீர் (மறைவு 1786) ஈயக்குண்டால் வீழ்ந்ததை ஆகுமாக்கினார்கள். ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) கூர்மையற்ற ஈயம் எரித்தும் மோதியும் கொல்வதால் தடுத்தார்கள். பிந்திய கருத்தை ஏற்பவருக்கு, சுடப்பட்ட பறவை எங்கே வீழ்ந்தாலும் உயிருடன் கிடைத்தால்தான் உணவு.

இன்றைய நீர்த்தொட்டி

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். பெரிய கோழி அறுப்பு ஆலைகளில் பறவைகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் நீர்த்தொட்டியில் தலையை அமிழ்த்தி மயக்கமுறச் செய்வது பல நாடுகளில் வழக்கம். அடுத்தது கத்தி, அதன்பின் இறகு நீக்க வெந்நீர்த் தொட்டி. தொட்டியிலேயே இறந்த பறவையும், கத்திக்குத் தப்பி உயிருடன் வெந்நீருக்குச் சென்ற பறவையும், ஏனையவற்றோடு ஒரே பொட்டலத்தில் நம் இல்லம் வந்து சேரலாம். கொன்றது கத்தியா, மின்சாரமா, வெந்நீரா?

1997ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அவை, கோழியினங்களை மின்னதிர்ச்சியால் மயக்குவது கூடாது என முடிவெடுத்தது. அறுக்கும் முன்பே கணிசமானவை இறப்பது அனுபவத்தில் உறுதியானதையே அதற்குக் காரணமாகக் கூறியது. தய்யி குலத்தாருக்குச் சொல்லப்பட்ட காரணத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நம் தெருக் கடைகளிலும் இப்பாடத்திற்கு வேலை உண்டு. முறைப்படி அறுத்த கோழியை உயிர் அடங்குமுன் வெந்நீரில் அமிழ்த்துவோர் உளர். அறுப்பு முழுமை பெற்றிருந்தால் இறைச்சி ஹராமாவதில்லை. ஆனால் அச்செயல் வெறுக்கத்தக்கது. அறுக்கும் உயிருக்கு வதை குறைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் கட்டளைக்கு முரணானது. பயனின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் இறைவனிடம் முறையிடும் என்றொரு ஹதீஸை இமாம் நஸாயீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள்.

அன்று அம்மாணவரிடம், “உங்கள் ஊர்க் கோழிக் கடையில் நாளைக் காலை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பிறகு இப்பகுதியை மீண்டும் வாசிப்போம்” என்றேன். ஹலால் சான்றிதழில் கையொப்பமிடும் ஆலிம்களும் அறுப்பு நடக்கும் இடத்தில் அவ்வாறு நின்று பார்த்த பின்னரே பேனாவைத் திறத்தல் நன்று. காணாததற்குச் சாட்சி சொல்லலாகாது என்பதே வேட்டை இயல் நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம்.